பிரெட்டில் எவ்வளவு சர்க்கரை? கடையில் பார்ப்பதும் வீட்டில் குறைப்பதும்

மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட். பிரெட்டுக்கு இந்த நான்கு போதும். ஐந்தாவதாகச் சர்க்கரை ஏன் வருகிறது, எவ்வளவு வருகிறது, குறைத்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன். இப்போதுதான் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கத் தொடங்கியிருக்கிறீர்களா, புதிதாக ஓடிஜி என்ற சிறிய மின்சார ஓவன் வாங்கி வைத்திருக்கிறீர்களா, இரண்டு பேருக்கும் இது பயன்படும்.

அயர்லாந்து உச்ச நீதிமன்றம் 2020 செப்டம்பரில் ஒரு வரி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. சப்வே என்ற சாண்ட்விச் கடைச் சங்கிலியின் கடை நடத்திய ஒரு நிறுவனம், தான் விற்கும் சாண்ட்விச்சுக்கு வரி கிடையாது என்று வாதாடியது. அத்தியாவசிய உணவான ரொட்டிக்கு அங்கே மதிப்புக் கூட்டு வரி இல்லை. ஆனால் அந்த நாட்டின் 1972ஆம் ஆண்டுச் சட்டம், ரொட்டி என்ற கணக்கில் சேர வேண்டுமானால் சர்க்கரை மாவின் எடையில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது. சப்வே ரொட்டியில் இருந்தது 10 சதவீதம். வழக்குத் தோற்றது. 'சப்வே விற்பது ரொட்டியே இல்லையாம்' என்று உலகம் முழுக்கச் செய்தி ஓடியது. அது வரிக்காக எழுதிய விளக்கம்தான், சமையல் தீர்ப்பு இல்லை. ஆனாலும் அந்த இரண்டு எண்களையும், 2, 10, மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் கணக்குக்கெல்லாம் இந்த இரண்டும்தான் அளவுகோல்.

பிரான்சில் இன்னும் கறார். 1993 செப்டம்பரில் வந்த அரசாணைப்படி, 'பாரம்பரிய பிரெஞ்சு ரொட்டி' என்று பெயர் போட்டு விற்பதில் கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் அல்லது புளிப்பு மாவு, இவைதான் அடிப்படை. அவரை வகை மாவும் முளைகட்டிய கோதுமை மாவும் மிகச் சிறிய அளவில் சேர்க்கலாம். சர்க்கரைக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. ஆனாலும் அந்த ரொட்டியின் தோல் நல்ல பொன்னிறமாக வருகிறது. எப்படி என்பதைப் பிறகு பார்ப்போம்.

பாக்கெட்டைத் திருப்புங்கள்

முன்பக்கத்தை விட்டுவிடுங்கள். 'பிரவுன்', 'மல்டிகிரெய்ன்', 'ஹெல்தி' என்பதெல்லாம் விற்பதற்கான எழுத்து. பின்பக்கத்தில் பார்க்க வேண்டியவை இரண்டு: சேர்மானப் பட்டியல், ஊட்டச்சத்து அட்டவணை.

சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாகத்தான் அச்சிட வேண்டும். மைதாவோ ஆட்டாவோ முதலில் இருக்கும். சர்க்கரை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதைவிட முக்கியமாக, உப்புக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று பாருங்கள். பிரெட்டில் உப்பு ஏறத்தாழ நிலையான ஒன்று. மாவில் 2 சதவீதத்துக்கு ஒட்டி இருக்கும். அதற்கு மேல் போனால் கரிக்கும், ரொம்பக் குறைந்தால் சப்பென்று இருக்கும். ஆகவே உப்புக்குப் பின்னால் சர்க்கரை வந்தால் அது பெரும்பாலும் 2 சதவீதத்துக்கு உட்பட்டது. உப்புக்கு முன்னால், அதுவும் மாவுக்கு அடுத்து இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வந்தால், உள்ளே கணிசமாக இருக்கிறது. எண்ணே போடாத பாக்கெட்டிலும் இந்த வழி உதவும்.

இதில் ஒரு ஓட்டை உண்டு. ஒரே பெயரில் போடாமல் சர்க்கரையை நாலு பெயரில் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். அதனால் இந்தப் பெயர்களும் கண்ணில் பட வேண்டும்: இன்வர்ட் சிரப், லிக்விட் குளுக்கோஸ், டெக்ஸ்ட்ரோஸ், ஃபிரக்டோஸ், கார்ன் சிரப், மால்ட் எக்ஸ்ட்ராக்ட், தேன், வெல்லம். மால்டோடெக்ஸ்ட்ரின் என்று ஒன்று வரும். அட்டவணையில் அது சர்க்கரை வரியில் சேராது, ஆனால் வயிற்றில் குளுக்கோஸ் போலவே சீக்கிரம் கரையும்.

அடுத்தது அட்டவணை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் 2020 லேபிள் விதிகளின்படி 'டோட்டல் சுகர்ஸ்' ஒரு வரி, 'ஆடட் சுகர்ஸ்' இன்னொரு வரி. புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். சர்க்கரையே போடாத பிரெட்டிலும் மொத்தச் சர்க்கரை என்று 100 கிராமுக்கு ஒன்றிரண்டு கிராம் காட்டலாம். மாவில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி, மாவுச்சத்தை உடைத்து மால்டோஸ் என்ற சர்க்கரையாக்கும். ஈஸ்ட் தின்றது போக மிஞ்சியது பிரெட்டில் தங்கும். பால் சேர்த்திருந்தால் அதிலுள்ள லாக்டோஸும் அங்கே வந்து சேரும். பேக்கரிக்காரர் கையால் அள்ளிப் போட்டது 'ஆடட்' வரியில் இருப்பது மட்டும்தான். நீங்கள் ஒப்பிட வேண்டியது அதைத்தான்.

பக்கத்திலேயே தினசரி அளவில் எத்தனை சதவீதம் என்று ஒரு கட்டம் இருக்கும். சேர்த்த சர்க்கரைக்கு அங்கே வைத்திருக்கும் அடிப்படை நாளுக்கு 50 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன, மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழே என்ற வரம்பும் 2000 கலோரிக்குக் கிட்டத்தட்ட இதே 50 கிராம்தான். முடிந்தால் அதிலும் பாதியாக்குங்கள் என்றும் அது சொல்கிறது. அந்தச் சதவீதம் 'ஒரு சர்விங்'குக்குப் போட்டது என்பதைக் கவனியுங்கள். சர்விங் என்பதை ஒரு ஸ்லைஸ் என்றுகூட வைத்திருப்பார்கள். காலையில் நாலு ஸ்லைஸ் சாப்பிட்டால் நாலால் பெருக்கிக்கொள்ள வேண்டியது நாம்தான்.

'லோ சுகர்' என்று போட்டிருந்தால்? 100 கிராமில் மொத்தச் சர்க்கரை 5 கிராமுக்கு மேல் இல்லை என்பதுதான் அதன் பொருள். பிரெட்டுக்கு இது பெரிய சாதனை இல்லை, சாதாரண சாண்ட்விச் பிரெட்டுகளில் பலவும் எந்த வாசகமும் இல்லாமலே அந்த அளவுக்குள் வந்துவிடும். பிரவுன் பிரெட்டின் நிறமும் அப்படித்தான். பட்டியலில் 150 என்ற எண்ணோடு கேரமல் நிறம் இருந்து, முதல் சேர்மானமாக மைதாவும் இருந்தால், அது சாயம் பூசிய வெள்ளை பிரெட்.

மாவுக் கணக்கு

பேக்கரிகளில் எல்லா அளவும் மாவை 100 என்று வைத்துத்தான் பேசுவார்கள். ஒரு கிலோ மாவுக்கு 50 கிராம் சர்க்கரை என்றால் 5 சதவீதம். லேபிளிலோ பிரெட்டின் எடைக்குக் கணக்கு இருக்கும். 100 கிராம் பிரெட்டில் மாவு சுமார் 60 கிராம். மீதி பெரும்பாலும் தண்ணீர். ஆகவே லேபிளில் 'ஆடட் சுகர்ஸ்' என்று காட்டும் எண்ணை 1.6ஆல் பெருக்குங்கள். ஏறத்தாழ மாவுச் சதவீதம் கிடைக்கும். 100 கிராமுக்கு 3 கிராம் என்றால் மாவில் 5 சதவீதம் போல. 6 கிராம் என்றால் சப்வே கணக்கான 10 சதவீதத்தைத் தொட்டுவிட்டது.

இதை ஸ்லைஸ் அளவில் பாருங்கள். ஒரு ஸ்லைஸ் 25இலிருந்து 30 கிராம் இருக்கும். 100க்கு 3 கிராம் உள்ள பிரெட்டில் ஒரு ஸ்லைஸுக்கு ஒரு கிராம்கூட வராது. இரண்டு தேக்கரண்டி சர்க்கரை போட்ட ஒரு டம்ளர் டீயில் 8 கிராம். அந்த பிரெட்டில் ஒன்பது பத்து ஸ்லைஸ் சாப்பிட்டால்தான் அந்த ஒரு டீக்குச் சமம். ஒரு மேசைக்கரண்டி ஜாம் தடவினாலோ, பாலில் சர்க்கரை போட்டுத் தோய்த்தாலோ பிரெட்டின் சொந்தச் சர்க்கரை ஒரு பொருட்டே இல்லை. நம் ஊரில் பிரெட் என்றாலே காய்ச்சல்காரர் சாப்பாடு, ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகிறவர் கையில் இருப்பது. அது பெரும்பாலும் சர்க்கரைப் பாலில் தோய்ந்துதான் வாய்க்குப் போகிறது. சாண்ட்விச் பிரெட்டைப் பார்த்துப் பதற வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

கண்ணை வைக்க வேண்டியது மற்றவற்றில்: பால் பிரெட், ஃப்ரூட் பிரெட், டீக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் பன், முக்கியமாக ரஸ்க். ரஸ்க் லேசான பண்டம் என்று நினைத்து நாலைந்தை டீயில் தோய்த்துவிடுகிறோம். இனிப்பு மாவில் செய்த பிரெட்டை ஸ்லைஸ் போட்டு, மறுபடி சுட்டு, தண்ணீரை விரட்டிவிட்டதுதான் ரஸ்க். தண்ணீர் போனதால் 100 கிராமுக்குச் சர்க்கரை இன்னும் ஏறும். ஒரு ரஸ்க் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் இரட்டை இலக்கத்தில் இருக்கும்.

இலங்கைத் தமிழர்களுக்கு இந்தப் பேதம் புதிதில்லை. பாண் என்றால் அங்கே பிரெட். றோஸ் பாணும் அச்சுப் பாணும் சம்பலோடும் பருப்போடும் சாப்பிடுவதற்கானவை, இனிப்புக்கு பனிஸ் என்ற பன் தனியாக இருக்கிறது. தமிழ்நாட்டு பேக்கரியில் இரண்டும் கலந்துவிட்டன. சாம்பாரோடு சாப்பிட வாங்கும் பிரெட்டும் தித்திக்கிறது.

லேபிள் இல்லாத இடத்தில்

தெருமுனை பேக்கரியில் மெல்லிய கவரில் பெயர் மட்டும் அச்சடித்துத் தருவார்கள். கேட்பதுதான் வழி. "சர்க்கரை இருக்கா?" என்று கேட்டால் "கொஞ்சமா" என்று பதில் வரும். "கிலோ மாவுக்கு எவ்வளவு சீனி போடுறீங்க அண்ணே?" என்று கேளுங்கள். மாவு பிசைகிறவர் அளவைக் கிராமிலேயே சொல்லிவிடுவார். அவர் 80 கிராம் என்றால் 8 சதவீதம், வேறு கணக்கே வேண்டாம்.

கேட்கத் தயக்கமா? தோசைக்கல்லில் எண்ணெயோ வெண்ணெயோ இல்லாமல் ஒரு ஸ்லைஸைப் போடுங்கள். சர்க்கரை கூடிய பிரெட், உள்ளே சூடேறும் முன்பே பழுப்பாகித் திட்டுத் திட்டாகக் கருகும். நாக்கில் சோதிப்பதானால் முதல் கடியிலேயே இனிக்கிறதா என்று பாருங்கள். நன்றாக மென்ற பிறகு வரும் இனிப்பை நம்பக் கூடாது. உமிழ்நீரிலும் அமைலேஸ் இருக்கிறது, அது எந்த பிரெட்டையும் கொஞ்ச நேரத்தில் இனிக்க வைக்கும்.

சர்க்கரை அங்கே என்ன செய்கிறது

வீட்டில் செய்கிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம். என்ன வேலை செய்கிறது என்று தெரியாமல் எடுத்துவிட்டால், வெளுத்துப்போன, மறுநாளே வறண்டுபோகிற ஒன்றுதான் கைக்கு வரும்.

ஈஸ்ட்டுக்குச் சாப்பாடு என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். அது பாதி உண்மை. ஈஸ்ட்டில் இன்வர்டேஸ் என்ற நொதி இருக்கிறது, நாம் போடும் சர்க்கரையைச் சில நிமிடங்களில் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைத்துத் தின்னத் தொடங்கிவிடும். மாவு சீக்கிரம் உப்பும். ஆனால் சர்க்கரை போடாவிட்டால் ஈஸ்ட் பட்டினி கிடக்காது. மாவிலேயே ஒன்றிரண்டு சதவீதம் சர்க்கரை உண்டு. அது தீருவதற்குள் அமைலேஸ் மால்டோஸைத் தயாரித்துத் தரும். கொஞ்சம் மெதுவாக நடக்கும், அவ்வளவுதான். ஒரு நாளில் பல ஈடு பிரெட் எடுக்க வேண்டிய பேக்கரிக்கு அந்த வேகம் காசு. நமக்கு இல்லை.

அதே சர்க்கரை கூடிப்போனால் வேலை தலைகீழாகும். சுமார் 5 சதவீதம் வரை ஈஸ்ட்டுக்கு உற்சாகம். அதற்கு மேல் போகப்போக, சர்க்கரை தண்ணீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்வதால் ஈஸ்ட் திணறும். இனிப்பு பன் மாவு உப்ப நெடுநேரம் எடுப்பது இதனால்தான்.

இரண்டாவது வேலை நிறம். தோல் பொன்னிறமாவது, மாவிலுள்ள புரதமும் மிச்சமிருக்கும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து செய்யும் காரியம். மூன்றாவது மென்மை: சர்க்கரை ஈரத்தைப் பிடித்து வைக்கும், மாவைப் பிடித்து நிறுத்தும் புரத வலையான குளூட்டன் இறுகுவதைத் தள்ளிப்போடும். நாலைந்து நாள் பஞ்சாக இருக்கும் கடை பிரெட்டில் இதற்கும் ஒரு பங்கு உண்டு. மீதியை எண்ணெயும் கூட்டுப் பொருள்களும் பார்த்துக்கொள்கின்றன. இனிப்பு என்பது இந்த எல்லாவற்றுக்கும் பிறகுதான். 2 சதவீதத்தில் இனிப்பே தெரியாது.

முதல் பிரெட்: 2 சதவீதம்

எடுத்த எடுப்பில் பூஜ்யத்துக்குப் போக வேண்டாம். 2 சதவீதத்தில் ஒன்று செய்து கை பழகுங்கள். சமையலறைத் தராசு கட்டாயம் வேண்டும். கப் கணக்கில் சதவீதம் பேச முடியாது.

எட்டுக்கு நாலு அங்குல டின்னுக்கு: மைதா 200 கிராம், சக்கி ஆட்டா 100 கிராம், தண்ணீர் 200 கிராம், உப்பு 5 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3 கிராம் (மட்டமாக ஒரு தேக்கரண்டி), சர்க்கரை 6 கிராம் (ஒன்றரைத் தேக்கரண்டி), எண்ணெய் 10 கிராம்.

ஆட்டாவைச் சேர்க்கச் சொல்வது சத்துக்காக மட்டும் இல்லை. கல்லில் அரைபடும்போது மாவுச்சத்துத் துகள்கள் நிறைய உடைகின்றன. உடைந்த துகளைத்தான் அமைலேஸ் எளிதாகச் சர்க்கரையாக்கும். சர்க்கரையைக் குறைக்க நினைப்பவர்களுக்கு நம் ஊர்ச் சக்கி மாவு நல்ல துணை. அது தண்ணீரும் கூடக் குடிக்கும், அதனால் பிசையும்போது ஒட்டுகிறதே என்று மாவைத் தூவிக்கொண்டே போகாதீர்கள்.

இன்ஸ்டன்ட் ஈஸ்ட்டைச் சர்க்கரைத் தண்ணீரில் ஊற வைக்க வேண்டியதில்லை, நேராக மாவில் கலக்கலாம். ஆக்டிவ் டிரை ஈஸ்ட் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊற வையுங்கள். அதற்கும் சர்க்கரை கட்டாயமில்லை. சர்க்கரை போட்டால் நுரை சீக்கிரம் தெரியும், ஈஸ்ட் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வசதி. அதற்கு ஒரு சிட்டிகை போதும்.

எண்ணெய் தவிர மற்றதையெல்லாம் கலந்து இருபது நிமிடம் மூடி வையுங்கள். அப்புறம் எண்ணெய் விட்டுப் பத்து நிமிடம் பிசையுங்கள். சிறு துண்டை எடுத்து விரித்தால் சட்டென்று கிழியாமல் மெலிதாக விரிய வேண்டும். மூடி வைத்து இரண்டு மடங்காகும் வரை காத்திருங்கள். எவ்வளவு நேரம் என்று கேட்டால், தோசை மாவு மாதிரிதான், சித்திரையில் ஒரு கணக்கு, மார்கழியில் ஒரு கணக்கு. சென்னை வெயிலில் 45 நிமிடத்தில் பொங்கிவிடும். ஊட்டியில் இரண்டு மணி நேரம் ஆகலாம். கடிகாரத்தைப் பார்க்காமல் பாத்திரத்தைப் பாருங்கள். கோடையில் குளிர்ந்த தண்ணீரில் பிசைவது நல்லது.

உப்பிய மாவைத் தட்டி, சுருட்டி, எண்ணெய் தடவிய டின்னில் வையுங்கள். மாவு டின் விளிம்பைத் தாண்டி ஒரு விரல் அளவு எழும்பியதும், 200 டிகிரியில் கால் மணி நேரம் முன்சூடு செய்த ஓடிஜியில் 30 முதல் 35 நிமிடம். வெளியே எடுத்து அடியில் தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் சத்தம் வர வேண்டும். வெப்பமானி இருந்தால் நடுவே 95 டிகிரி. ஒரு மணி நேரமாவது ஆறாமல் கத்தி வைக்காதீர்கள், உள்ளே பிசுபிசுக்கும்.

இந்த முழு பிரெட்டிலும் நீங்கள் போட்ட சர்க்கரை ஒன்றரைத் தேக்கரண்டி. அதிலும் பெரும்பகுதியை ஈஸ்ட் தின்றிருக்கும்.

இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் இதே அளவு மாவுக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை இருக்கும், 8 முதல் 12 சதவீதம். அப்படி ஒரு குறிப்பைப் பிடித்துப்போய் அதில் சர்க்கரையைக் குறைப்பதானால், தண்ணீரை இரண்டு மூன்று தேக்கரண்டி கூட்டுங்கள். கரைந்த சர்க்கரை மாவை இளக்கும், அது போனால் மாவு இறுகிப்போகும். ஈஸ்ட்டையும் கொஞ்சம் குறைக்கலாம். தடை நீங்கிவிட்டதால் வேகமாக வேலை செய்யும்.

அடுத்தது: சர்க்கரையே இல்லாமல்

இங்கேதான் பிரெஞ்சு ரொட்டியின் பொன்னிறத்துக்கு விடை இருக்கிறது. சர்க்கரைக்குப் பதிலாக நேரத்தைக் கொடுக்கிறார்கள். ஈஸ்ட்டைக் குறைத்து, நெடுநேரம் புளிக்க விட்டால் அமைலேஸுக்கு வேலை செய்ய அவகாசம் கிடைக்கும். ஈஸ்ட் தின்றது போகவும் தோலுக்கு நிறம் தர மால்டோஸ் மிச்சமிருக்கும். வாசனையும் கூடும், சர்க்கரை போட்ட அவசர பிரெட்டில் அந்த வாசனை வராது.

மேலே சொன்ன அதே அளவுகள். சர்க்கரையை எடுத்துவிடுங்கள், ஈஸ்ட்டை ஒரு கிராமாக்குங்கள், அதாவது தேக்கரண்டியில் மூன்றில் ஒரு பங்கு. தண்ணீர் 205 கிராம், குளிர்ந்ததாக. இரவு ஏழு மணிக்குப் பிசைந்து, அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வெளியே வைத்துவிட்டு, மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள். 12 முதல் 16 மணி நேரம் உள்ளே கிடக்கட்டும். ஃபிரிட்ஜில் மாவு முழுதாக இரண்டு மடங்காகாமல் இருந்தாலும் பரவாயில்லை. மறுநாள் எடுத்து, வடிவம் கொடுத்து டின்னில் போடுங்கள். மாவு சில்லென்று இருப்பதால் எழும்ப ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் பிடிக்கும்.

சூட்டைக் கூட்ட வேண்டும். முதல் பத்து நிமிடம் 220 டிகிரி, பிறகு 200இல் 25 நிமிடம். வெளுப்பாக இருக்கிறதே என்று தோன்றினால் டின்னிலிருந்து எடுத்து, கம்பித் தட்டில் வைத்து மேலும் ஐந்து நிமிடம் விடுங்கள்.

இன்னும் நிறம் வேண்டுமா? இரண்டு வழி இருக்கிறது. தண்ணீரில் கால் பங்கைப் பாலாக மாற்றுங்கள். பாலிலுள்ள லாக்டோஸை பேக்கரி ஈஸ்ட்டால் தின்ன முடியாது. அது அப்படியே தங்கி, அடுப்பில் தோலைச் சிவக்க வைக்கும். இரண்டாவது வழி முளைகட்டிய கோதுமை. கேழ்வரகை முளைகட்டிக் காய வைத்து அரைக்கும் வீடுகளில் இது சுலபம். முழுக் கோதுமையை முளைகட்டி, நிழலிலோ இளம் வெயிலிலோ நன்றாக உலர்த்தி, பொடியாக்குங்கள். வாணலியில் வறுக்கக் கூடாது, நொதி செத்துவிடும். 300 கிராம் மாவுக்கு அரைத் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். கூடினால் உள்பகுதி பசை மாதிரி ஆகிவிடும். சட்டப்படி பிரெஞ்சு ரொட்டிக்காரர்களுக்கும் இதில் அனுமதி உள்ள அளவு மாவில் 0.3 சதவீதம்தான்.

வெல்லமும் தேனும் கருப்பட்டியும்

வெள்ளைச் சர்க்கரையை எடுத்துவிட்டு அதே எடையில் நாட்டுச்சர்க்கரையோ கருப்பட்டியோ போட்டு 'சர்க்கரை இல்லாத பிரெட்' என்று சொல்பவர்கள் உண்டு. ருசிக்காகப் போடுங்கள், கருப்பட்டி பிரெட்டுக்கு ஒரு தனி மணம் உண்டு. ஆனால் கணக்கில் அதுவும் சேர்த்த சர்க்கரைதான், தேனும் அப்படியே. தேனில் ஐந்தில் ஒரு பங்குக்கு ஒட்டித் தண்ணீர் இருப்பதால் அதற்கேற்ப மாவில் தண்ணீரைக் குறைக்க வேண்டும். ஸ்டீவியா போன்ற இனிப்பூட்டிகள் இனிப்பை மட்டும் தரும். ஈஸ்ட்டுக்கும் உதவாது, தோலும் சிவக்காது. பிரெட்டில் அவற்றுக்கு வேலை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்காகச் செய்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்று சொல்வது கிளைசெமிக் குறியீடு, குளுக்கோஸுக்கு அது 100. வெள்ளை பிரெட்டுக்கு அது 75க்கு ஒட்டி இருக்கிறது, முழுக் கோதுமை பிரெட்டுக்கும் 74. அதற்குக் காரணம் போட்ட சர்க்கரை இல்லை, மாவுதான். நீங்கள் பூஜ்யச் சர்க்கரையில் செய்தாலும் ரத்தத்தில் அது குளுக்கோஸாகத்தான் ஏறும். 'சுகர் போடாத பிரெட்' என்று அப்பாவுக்கு ஆறு ஸ்லைஸ் வைப்பதைவிட, சாதாரண பிரெட்டில் இரண்டு ஸ்லைஸை முட்டையோடும் காய்கறியோடும் வைப்பது மேல்.

பன் செய்யும்போது

இனிப்பு பன்னில் சர்க்கரையைக் கறாராகக் குறைக்க வேண்டாம், அது இனிப்புப் பண்டம்தான். வழக்கமாக 15 முதல் 20 சதவீதம் வரை போடுவார்கள். 10க்கு இறக்கினாலும் பன் பன்னாகவே இருக்கும். தேங்காய் பன் என்றால் மாவை 5 சதவீதத்தில் வைத்துக்கொண்டு, இனிப்பைப் பூரணத்தில் கொடுங்கள். நாக்கில் நேராகப் படுவதால் குறைந்த சர்க்கரையே கூடுதலாகத் தெரியும். பன் மாவுக்கு ஈஸ்ட்டை ஒன்றரை மடங்காக்குங்கள், இல்லையென்றால் இனிப்பு மாவுக்கென்றே விற்கும் ஈஸ்ட் வாங்குங்கள். சர்க்கரையில் பாதியை முதலிலும் மீதியை மாவு பிசைந்து பதம் வந்த பிறகும் சேர்த்தால் குளூட்டன் நன்றாக உருவாகும், பன் உயரமாக எழும்பும்.

எத்தனை நாள் வரும்

சர்க்கரை குறைந்த பிரெட் சீக்கிரம் காயும். முதல் நாள் அருமை, இரண்டாம் நாள் சரி, மூன்றாம் நாள் டோஸ்ட் போட்டால்தான் இறங்கும். உடனே ஃபிரிட்ஜில் வைக்கத் தோன்றும். ஃபிரிட்ஜின் குளிரில்தான் மாவுச்சத்து வேகமாக இறுகி பிரெட் விறைக்கும். பூஞ்சை சீக்கிரம் வராது என்ற ஒரு லாபம் மட்டும் உண்டு. கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றில் பூஞ்சை இரண்டு நாளில் எட்டிப் பார்க்கும் என்பதால், அன்றைக்கும் மறுநாளுக்கும் வேண்டியதை மட்டும் வெளியே வையுங்கள். மீதியை நன்றாக ஆறிய பிறகு ஸ்லைஸ் போட்டு, காற்றுப் புகாத கவரில் ஃபிரீசரில் வைத்துவிடுங்கள். ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க நடுவில் பட்டர் பேப்பர் வைக்கலாம். வேண்டியபோது எடுத்து, இளக விடாமல் நேராகத் தோசைக்கல்லில் போட்டு, மூடி போட்டு ஒரு நிமிடம், திருப்பிப் போட்டு மூடி இல்லாமல் ஒரு நிமிடம்.